எழுதியது எழுதியபடி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது வரப்புகளால் சதுரம் சதுரமாகப் பகுக்கப்பட்ட பாத்திகளையும், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்களையும் கண்டு வியந்துகொண்டே கடந்துபோய்விடுகிறார்கள். அந்த வெண்மைக்குப் பின்னால் ஓயாத கணக்கு ஒன்று இருக்கிறது என்பதை அளத்தில் இறங்கி நின்றவர்களே அறிவார்கள். கடல்நீர், அடர்த்தியைக் காட்டும் போமே அளவுகோலில் ஏறக்குறைய மூன்று டிகிரி காட்டும். அது பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் காய்ந்து, இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் உப்புப் படியத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கிவிட்டாலோ மக்னீசிய உப்புகளும் கூடவே சேர்ந்து, உப்பில் கசப்பும் ஈரமும் ஏறிவிடும். ஆகவே அதற்கு முன்பே மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். எந்தப் பாத்தியில் எந்த நாளில் எத்தனை டிகிரி இருந்தது, எப்போது உப்பு வாரப்பட்டது, எத்தனை மூட்டை ஏறியது என்னும் விவரங்கள் சரியாக இருந்தால்தான் குத்தகைதாரருக்கு விலையும், வாரியவர்களுக்குக் கூலியும் நியாயமாகக் கிடைக்கும்.

அந்தக் கணக்குகளைக் காப்பாற்றி வைப்பதே பல ஆண்டுகளாக என் ஜீவனோபாயமாக இருந்து வருகிறது. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்து, மனு எழுதுவதும் ரசீது அச்சிடுவதுமாகத் தொழிலைத் தொடங்கிய எனக்கு, உப்பளத்து நோட்டுப் புத்தகங்களின் துர்க்கதி அப்போதே நன்கு தெரியும். உப்புக் காற்று காகிதத்தை எந்நேரமும் ஈரமாகவே வைத்திருக்கும்; மை பரவும்; ஓரங்கள் பொடிந்து உதிரும்; ஐப்பசி மழைக்குப் பின் பிரித்துப் பார்த்தால் முக்கியமான பக்கம் மற்றொரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பகுதிக் குத்தகைதாரர் சிலர் என்னோடு கலந்து ஆலோசித்த பிறகு, பாத்தி மூலைகளில் நட்ட மரக்கட்டைகளில் என்.எஃப்.சி. வில்லைகளைப் பதித்து, டிகிரியையும் வாரிய தேதியையும் அவற்றிலேயே எழுதிவைக்கும் ஏற்பாட்டுக்குச் சம்மதித்தார்கள். எபாக்சிப் பிசினில் அடைக்கப்பட்ட சிறு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளுமே அந்த வில்லையின் முழு சரீரமும் ஆகும். அதில் பேட்டரி இல்லை. கைப்பேசியையோ படிப்பானையோ சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோனால், 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எழும் காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியைப் பெற்றுக்கொண்டு, தன்னுள் இருப்பதை அது சொல்லிவிடும். இரும்பின் மேல் ஒட்டினால் அது ஊமையாகிவிடும். உப்புநீர் படிந்திருந்தால் அதன் குரல் தளரும். ஆகையால் மரக்கட்டையையே தேர்ந்தெடுத்தோம், படிக்குமுன் துணியால் துடைப்பதையும் பழக்கப்படுத்தினோம்.

வில்லையின் கொள்ளளவு எவ்வளவு சிறியது என்பதை முதலில் உணர வேண்டும். சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும் என்டேக்213 என்னும் வகையில் நாம் எழுதுவதற்கென ஒதுக்கப்பட்ட இடம் 144 பைட்டுகள், 215இல் 504, 216இல் 888. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் அடங்கும். தமிழின் குறியீடுகளோ யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். மேலும், மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்காலும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படும். ‘மரக்காணம்’ என்று எழுதினால் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். கணிப்பொறிக்கு ஒன்பது குறியீடுகள், அதாவது 27 பைட்டுகள். தலைப்புக்கும் எல்லைக் குறிகளுக்கும் போக, மிகச் சிறிய வில்லையில் ஏறக்குறைய நாற்பத்துநான்கு தமிழ்க் குறியீடுகளுக்கே இடம் உண்டு. இதனாலேயே மேஸ்திரிகளுக்குச் சுருக்கமாக எழுதும் முறையைக் கற்றுத்தர வேண்டியதாயிற்று. எழுதப்பட்டது இத்தனை சுருக்கமாக இருப்பதால்தான் அதில் ஒரு பைட்டைக்கூட இழக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று கம்பெனிகள் 2004இல் சேர்ந்து அமைத்த என்.எஃப்.சி. ஃபோரம் என்னும் சங்கம், எந்தக் கம்பெனியின் வில்லையையும் எந்தக் கம்பெனியின் கருவியும் படிக்கும்படி ஒரு பொது அமைப்பை வகுத்தது. அதற்கு என்டெஃப் என்று பெயர். அதன்படி ஒவ்வொரு தகவலும் ஒரு பதிவு. ஒன்றோ பலவோ பதிவுகள் கோத்த கோவை ஒரு செய்தி. ‘மரக்காணம்’ என்ற ஒரே சொல்லை உரைப் பதிவாக எழுதினால், முதல் பைட்டு, ‘இது செய்தியின் முதல் பதிவு, இதுவே கடைசிப் பதிவும், உருவில் குறுகியது’ என்னும் மூன்று விவரங்களையும் தன் பிட்டுகளில் சுமந்து நிற்கும். அடுத்தவை வகைப்பெயரின் நீளத்தையும் உள்ளடக்கத்தின் நீளத்தையும் சொல்லும். பின்னர் உரை என்பதைக் காட்டும் ‘டி’ (T) என்னும் ஆங்கில எழுத்து. அதன்பின் மொழியைக் குறிக்கும் இரண்டெழுத்தின் நீளம். தமிழ் என்று உணர்த்தும் அந்த இரண்டெழுத்து. இறுதியாகச் சொல்லின் 27 பைட்டுகள். ஆக மொத்தம் 34 பைட்டுகள். இந்த முப்பத்துநான்கையும் ஒரு கோப்பில் வரிசை பிறழாமல் வைத்துவிட்டால், வில்லை உடைந்து போனாலும் அதில் இருந்த செய்தி அழிவதில்லை.

இனி, ஏன் கோப்பில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். இவ்வகை வில்லைகளை ஒரு லட்சம் முறை வரை அழித்து எழுதலாம் என்று உற்பத்தியாளர் கூறுகிறார்கள். ஆதலால் வடகிழக்குப் பருவமழை தொடங்கி உப்பு எடுப்பு நின்றதும், வில்லைகளைக் கழற்றி, எழுதியதை அழித்து, அடுத்த தையில் மீண்டும் பதிப்பதே எங்கள் சம்பிரதாயம். அப்படி அழித்த க்ஷணத்தில் அந்தப் பருவத்தின் கணக்கு அடியோடு மறைந்துவிடும். அப்படி மறைவதற்கு முன், பருவத்தின் கடைசி நாட்களில், விடியற்காலையில் வரப்புகளின் மேல் நடந்து, ஒவ்வொரு மூலையிலும் குனிந்து படியெடுப்பதே என் வேலை.

மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு ஆய்வாளர்கள் கையாளும் முறை ஒன்றை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் சாசனத்தைப் பார்த்துக் கையால் எழுதிக்கொண்டு போவதோடு நின்றுவிடுவதில்லை; நனைத்த காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மையொற்றி, மைப்படி எடுக்கிறார்கள். எழுத்தோடு கல்லின் சிதைவும், உளியின் பிசகும், படிக்க முடியாத இடங்களும் அதில் அப்படியே வந்துவிடுகின்றன. ஆய்வாளர் ஒருவர் இன்று தவறாகப் படித்தாலும், நாளை வேறொருவர் அதே மைப்படியைக் கொண்டு திருத்தி வாசிக்கலாம். கல்லே அழிந்துபோனாலும் வாசிக்கலாம். படியெடுத்தலும் படித்தலும் இரண்டு வேறு காரியங்கள், முன்னது முடியும் வரை பின்னதைத் தொடங்கலாகாது என்ற இந்த ஒழுங்கையே நான் என் தொழிலுக்கும் மூலவிதியாகக் கொண்டிருக்கிறேன்.

கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் இந்த விதிக்கு இசைவதில்லை. அவை வில்லையைப் படித்ததும் பொருள் கண்டு, அழகாக அலங்கரித்து, தமக்குப் பிடித்த அளவில் திரையில் காட்டுகின்றன. அதைச் சேமிக்கச் சொன்னால் காட்டியதைச் சேமிக்கின்றனவே தவிர, இருந்ததைச் சேமிப்பதில்லை. இதனால்தான் நான் கட்டளைவரிக் கருவிகளை நாடினேன். ஸ்டீபன் டீடெமான் என்பவர் பைத்தான் மொழியில் எழுதி எவரும் இலவசமாக உபயோகிக்கும்படி அளித்த என்எஃப்சிபை என்னும் நூலகத்தோடு, டேக்டூல் என்னும் சிறு கருவியும் வருகிறது. யூஎஸ்பி வழியாக மடிக்கணினியில் செருகிய படிப்பானின் மேல் வில்லையை வைத்து, இன்ன கோப்பில் இறக்கு என்று ஒரு வரி தட்டினால், செய்தியின் பைட்டுகளை உள்ளபடி கோப்பில் இறக்கித் தருவது அதுதான். அவரே எழுதிய மற்றொரு கருவியான என்டெஃப்டூல், அப்படி இறக்கிய கோப்புகளைத் திறந்து, பதிவுகளாகப் பிரித்து, வாசித்துக் காட்டி, மீண்டும் கோப்புகளாகச் சேமிக்கும். ஒரே வரியில் ‘ஏற்று, காட்டு, சேமி’ என்று கட்டளைகளை அடுத்தடுத்துக் கோக்கலாம் என்பது அதன் தனிச் சிறப்பு.

புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே மனம் தளர்ந்து போகும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தில் பரவலாக உபயோகிக்கப்படும் ஏசிஆர்122யூ என்னும் படிப்பானைச் செருகியவுடன், இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கும் பிஎன்533 என்ற ஓட்டி அதைத் தன் வசப்படுத்திக்கொள்ளும். பிறகு நம் கருவி கேட்டால், படிப்பான் வேறொருவர் கையில் இருக்கிறது என்று பதில் வரும். அந்த ஓட்டியை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. படிப்பானில் கோளாறு என்று எண்ணிக் காசைச் செலவழித்து வேறொன்று வாங்குவதற்கு முன் இதைப் பார்க்கும்படி என்னிடம் பயில வரும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு.

கட்டளைவரியின் மேன்மை வேகத்தில் மட்டும் இல்லை. தட்டிய வரி அப்படியே எழுத்தில் நிற்கிறது. நேற்று என்ன செய்தேன் என்பதற்கு அதுவே சாட்சி. அதே வரியை நாளை வேறொருவர் தட்டினாலும் அதே பலன் கிடைக்கும். எத்தனையோ பாத்திகளின் வில்லைகளை வரிசையாகப் படிக்கும் வேலையில், ஒன்றுக்குச் செய்ததையே எல்லாவற்றுக்கும் செய்தோம் என்ற நிச்சயம் கிடைப்பது சாமானியமான காரியம் அன்று.

சேமிப்பதிலும் நுட்பங்கள் உண்டு. ஒரு செய்தியில் மூன்று உரைப் பதிவுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பதிவின் தலைப் பைட்டு, பதினாறடிமான எண்ணில் 91. நடுப் பதிவுக்கு 11. கடைசிப் பதிவுக்கு 51. ‘தொடங்குகிறேன்’, ‘முடிகிறேன்’ என்னும் குறிகளே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பதிவுகளைத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமிக்கும்படி என்டெஃப்டூலிடம் சொன்னால், ஒவ்வொரு கோப்பும் தன்னளவில் முழுச் செய்தி ஆகிவிடுகிறது. ஆகவே மூன்றின் தலைப் பைட்டும் டி1 (D1) என்று மாறிவிடும். உள்ளடக்கம் மாறவில்லை என்பது உண்மையே. எனினும் எது முன், எது பின், இவை ஒன்றாக இருந்தனவா என்ற விவரம் அந்தக் கோப்புகளிலிருந்து மறைந்துவிட்டது. அதுபோலவே, ஏதேனும் ஒரு செயலி நீண்ட உருவில் எழுதிய பதிவை, பகுத்துப் படித்து மீண்டும் கோக்கும் கருவி குறுகிய உருவில் கோத்துவிடக்கூடும். இவை கருவியின் குற்றங்கள் அல்ல. அதன் தர்மம் அது. ஆகவே என் முறை இதுதான்: முதலில் முழுச் செய்தியை இறக்கி ஒரே கோப்பாக வைத்துவிட வேண்டும், அதன் நகலை எடுத்துக்கொண்டே பிரிப்பதும் படிப்பதும் நடக்க வேண்டும். செய்திக்கு வெளியே இருப்பவையும் கவனத்துக்கு உரியவை. வில்லைக்கே உரிய ஏழு பைட்டு அடையாள எண்ணும், பூட்டுப் பிட்டுகளும் செய்தியில் சேர்வதில்லை. அதனால் என்டேக்213 ஆனால் அதன் நாற்பத்தைந்து பக்கங்களையும், அதாவது 180 பைட்டுகளையும், மற்றொரு கோப்பாக எடுத்து அருகிலேயே வைக்கிறேன்.

கோப்பின் பெயரில் பருவம், பாத்தி, வில்லையின் அடையாள எண், படியெடுத்த தேதி நான்கும் இருக்கும். ஒரே பெயரில் ஒரு கோப்பு முன்பே இருக்குமானால், நாமே வற்புறுத்திச் சொன்னாலன்றி என்டெஃப்டூல் அதன் மேல் எழுதாது. இந்தத் தயக்கத்தை அந்தக் கருவியின் மிகப் பெரிய நற்குணமாக நான் மதிக்கிறேன். வற்புறுத்தும் விருப்பச் சொல்லை என் கடையில் யாரும் உபயோகிக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பெயர் மோதினால் மோதியதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒரே வில்லையை இருமுறை படித்திருப்பார்கள், அல்லது கழற்றிய வில்லையை வேறு கட்டையில் பொருத்தியிருப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதும் கணக்கைக் காப்பதன் ஓர் அங்கமே.

தமிழில் எழுதப்பட்ட பதிவுகளுக்கென்றே உள்ள இடர் ஒன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘கொல்லைப் பாத்தி’ என்று ஒரு மேஸ்திரி எழுதுகிறார். அந்தக் ‘கொ’வின் ஒகரக் குறியைக் கணிப்பொறியில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாகத் தனித்தனியே வைத்தும் அதே வடிவத்தைப் பெறலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னது மூன்று பைட்டுகள், பின்னது ஆறு. இன்னும் சிலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் தட்டிவிடுவார்கள். அது பார்வைக்கு ஒத்திருந்தாலும் எழுத்தே வேறு. பெயரைத் தேடும்போது ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் போவதன் ரகசியம் இதுவே. ஆகவே படிப்பதற்கென்று தயாரிக்கும் உரைக்கோப்பில் நான் எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிக்கொள்கிறேன். மூலக்கோப்பில் மாத்திரம் கை வைப்பதில்லை. எந்த மேஸ்திரியின் கைப்பேசி எந்த முறையில் தட்டியது என்பதும் ஒரு சாட்சியம். இது யார் எழுதியது என்ற விவகாரம் எழுந்தால், அந்தச் சிறு வேறுபாடே உண்மையைக் காட்டிக்கொடுக்கும்.

அத்தகைய விவகாரம் ஒன்று என் கடை வாசலுக்கே வந்தது. உப்பு வாரும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து மூட்டைக் கணக்கில் கூலி பேசிக்கொண்ட ஓர் அளத்தில், பெரிய கொள்ளளவுள்ள 216 வகை வில்லைகளைப் பதித்திருந்தோம். அவற்றில் முதல் பதிவாக மேஸ்திரி டிகிரியை எழுதுவார். இரண்டாவது பதிவாக, பெண்களில் ஒருவருடைய மகள், பள்ளி விட்டு வந்ததும் அன்றைய மூட்டை எண்ணிக்கையைச் சேர்ப்பாள். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கையில், ஒரு பாத்திக்கு மூட்டை எண்ணிக்கையே எழுதப்படவில்லை என்று கணக்கர் சொல்லிவிட்டார். அவர் கைப்பேசியில் இருந்த செயலி முதல் பதிவை மட்டும் காட்டும் தன்மையது. ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. வில்லைகளில் இருந்ததோ அதற்குள் அழிக்கப்பட்டுவிட்டது. அந்த மகளின் தாய் என்னிடம் வந்தார்.

“தம்பி, எங்க பொண்ணு அன்னிக்கே போன்ல போட்டுச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். உங்கிட்ட எங்கனா இருக்குதா பாரு.”

“இருக்கும்க்கா. உட்காருங்க, எடுத்துப் பாக்கறேன்.”

பாத்தியின் பெயரைக் கொண்டு கோப்பை எடுத்து, என்டெஃப்டூலில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். திரையில் இரண்டு பதிவுகள் வந்தன. இரண்டாவதில் தேதியும் எண்ணிக்கையும் தெளிவாக இருந்தன. கணக்கரை அழைத்து, இருவர் முன்னிலையிலும் அதே வரியை மறுபடி தட்டிக் காட்டினேன். அவர் நியாயமான மனிதர். குத்தகைதாரரிடம் தாமே சொல்லி, பாக்கிக் கூலியை அந்த வாரமே கொடுக்கச் செய்தார். கைப்பேசி காட்டியதைப் பார்த்து நான் ஒரு பட்டியல் மட்டும் தயாரித்து வைத்திருந்தால், அந்தப் பெண்களின் உழைப்புக்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியும் மிஞ்சியிருக்காது.

சாட்சியாக நிற்க வேண்டிய கோப்பு இடையில் மாற்றப்படவில்லை என்று நிரூபிக்கவும் வழி வேண்டும். அதற்காக ஒவ்வொரு மூலக்கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 என்னும் முறையில் ஒரு முத்திரை எண் கணித்து, அறுபத்துநான்கு இலக்கங்களாக ஒரு பட்டியலில் எழுதி, அச்சிட்டு, குத்தகைதாரரிடமும் தொழிலாளர் குழுவிடமும் தலைக்கு ஒரு பிரதியைப் படியெடுத்த அன்றே கொடுத்துவிடுகிறேன். கோப்பில் ஒரே ஒரு பிட்டு மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். அப்புறம் என் வார்த்தையை எவரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை, கணித்துப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கரை புயலுக்குப் பரிச்சயமானது. 2011 டிசம்பரில் தானே புயலும், 2024 நவம்பரின் கடைசியில் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரிப் பக்கமாகக் கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. எனவே கோப்புகளின் பிரதி ஒன்று கடையிலும், ஒன்று திண்டிவனத்தில் ஓர் உறவினர் வீட்டிலும், மற்றொன்று தொலைவிலுள்ள சேமிப்பகத்திலும் இருக்கும்படி செய்திருக்கிறேன். ஒரு பருவத்தின் பதிவுகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு புகைப்படத்தின் அளவுக்கு வாரா. இவ்வளவு சிறியதைக் காப்பதற்குச் செலவு ஒரு தடையே அல்ல, சிரத்தை ஒன்றே வேண்டும்.

இந்தத் தொழிலைக் கற்க வரும் இளைஞர்களில் பலர், தகவலைச் சேகரிப்பதையும் அதிலிருந்து வரைபடங்கள் போடுவதையுமே பெரிய வித்தையாக எண்ணுகிறார்கள். அந்த வித்தையை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்கு அடித்தளம் எது என்பதையே அவர்களுக்கு உணர்த்த விரும்புகிறேன். வெயிலில் நின்று டிகிரி பார்த்த ஒருவரும், கணுக்கால் வரை உப்பில் நின்று வாரிய ஒருவரும் தங்கள் கையால் எழுதிய நாற்பது குறியீடுகள், நம் வசதிக்காகத் திருத்தப்படுவதற்கு முன், எழுதியபடியே ஓரிடத்தில் காக்கப்பட வேண்டும். திருத்தவும் தொகுக்கவும் விளக்கவும் பிறகு எத்தனையோ பேர் வருவார்கள். படியெடுக்க வேண்டிய நாளில் அங்கே இருப்பவர் நாம் ஒருவரே. ஆகவே அந்தக் கடமையை முதலில் செய்து முடித்துவிட்டு மற்றவற்றை யோசிக்கலாம் என்பதே, இத்தனை காலம் இக்கரையில் இத்தொழிலைச் செய்தவன் என்ற முறையில் நான் துணிந்து சொல்லக்கூடிய புத்திமதி.